கொரியா அரண்மனையும் ஆடை உரிமையும்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. இப்பழமொழியைச் சொல்லுவோர் பலர். ஆனால் அந்த ஆடைப் பாதியை ஒருவனுக்கு அளந்து கொடுத்தவன் யார், இன்னார் இன்னது உடுத்தலாம், இன்னார் இன்னது உடுத்தலாகாது என்று வகுத்தவன் யார் என்று கேட்போர் சிலரே. அக்கேள்வியை நம் உள்ளத்தில் எழுப்பி, அதற்கு ஒருவகை விடையும் தந்த ஓரிடத்தை இலையுதிர் காலத்தில் ஒரு வாரம் நாம் நேரிற் கண்டு வந்தோம். கொரியா நாட்டின் தலைநகராகிய சியோலிலுள்ள பழைய அரண்மனைகளே அவ்விடம். அங்கே கண்டவற்றையும், கண்டபின் ஆர்வத்தால் தேடிப் படித்தறிந்தவற்றையும் நம் வாசகர் முன் வைக்க விரும்புகிறோம்.

சியோல் நகரில் ஜோஸொன் என்னும் அரச வமிசத்தார் காலத்து அரண்மனைகள் ஐந்து உள்ளன. அவற்றுள் முதன்மையானது கியொங்பொக்குங். 1392-இல் அவ்வமிசத்தை நிறுவிய யி சொங்-கியே என்பார் 1395-இல் அதனைக் கட்டுவித்தார். அதற்குக் கிழக்கே, 1405-இல் எழுந்தது சாங்தொக்குங். இதனை 1997-இல் உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஐந்து நூற்றாண்டுகள் நீடித்த அவ்வமிசத்தின் ஆட்சி 1910-இல் ஜப்பானியர் கொரியாவை விழுங்கியபோது முடிவெய்தியது. 1948 முதல் தென்கொரியா குடியரசாக இருந்து வருகிறது. ஆகவே, இன்று அங்கே அரண்மனைகள் உண்டு, அரசர் இல்லை. சிம்மாசனம் உண்டு, அதில் அமர உரிமையுள்ளவர் எவரும் இல்லை.

இவ்வரண்மனைகளுக்குள் நுழையச் சீட்டு வாங்க வேண்டும். ஆயின் 2013 முதல் ஒரு விதி நடைமுறையில் இருந்து வருகிறது. ஹன்பொக் எனப்படும் அந்நாட்டு மரபுடையை மேலும் கீழும் முறையாக உடுத்தி வருவோர்க்குச் சீட்டு வேண்டுவதில்லை. அவர் கொரியரா அந்நியரா, செல்வரா வறியரா என்ற கேள்வி இல்லை. இவ்விதியினால் அரண்மனைகளைச் சுற்றியுள்ள தெருக்களில் ஹன்பொக்கை மணிக்கணக்கில் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் நிரம்பியுள்ளன. பெண்களுக்கு மார்பளவில் நிற்கும் ஜொகொரி என்னும் சட்டையும், மார்புக்கு மேற்கட்டி நிலம்வரை விரியும் சிமா என்னும் பாவாடையும் உண்டு. ஆண்களுக்கு ஜொகொரியோடு தொளதொளப்பான பஜி என்னும் காற்சட்டையும், அதன்மேல் துருமகி என்னும் நீண்ட அங்கியும், தலைக்குக் கத் என்னும் கறுப்புத் தொப்பியும் உண்டு.

நாமும் நம் துணைவியாரும் அத்தகைய கடையொன்றில் ஏறினோம். கடையை நடத்திய மூதாட்டியார் நம் துணைவியாருக்கு இளநீலச் சிமா ஒன்றை எடுத்துக் கட்டிவிட்டார். மார்பில் தொங்கும் நாடாவை ஒருபுறம் மட்டும் சுருக்கிட்டு முடியும் விதத்தை அவர் மூன்று முறை அவிழ்த்துக் கட்டிக் காட்டிய பொறுமையை இங்கே குறிப்பிடாமலிருக்க இயலவில்லை. பிறகு நம் பக்கம் திரும்பி, அரசர் உடையா, சேனைத் தலைவர் உடையா, கல்விமான் உடையா, எது வேண்டும் என்று வினவினார். தங்கநிற நாகப்பறவை வேலைப்பாடு மின்னும் சிவப்பு அங்கிகள் ஒரு சுவர் நிறையத் தொங்கின. நாம், "சாதாரணக் குடியானவன் உடுத்திய வெள்ளை உடை இருக்கிறதா?" என்று கேட்டோம். மூதாட்டியார் நம்மை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அதை யார் கேட்கிறார்கள்?" என்றார். இறுதியில் கல்விமான் அங்கியையும் கத்தையும் வாங்கி அணிந்தோம்.

அந்தத் தொப்பியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மெல்லிய மூங்கில் இழையாலும் குதிரை மயிராலும் பின்னப்பட்டது அது. தலையில் இருக்கிறதா இல்லையா என்று ஐயுறும்படி அத்துணை இலேசானது. வெயிலையும் மழையையும் அது தடுப்பதில்லை. அப்படியாயின் அது எதற்கு? அணிந்தவனை அணியாதவனிடமிருந்து பிரித்துக் காட்டுவதற்கே! இதன் முழுப் பொருளும் பின்னரே நமக்கு விளங்கிற்று.

கியொங்பொக்குங் அரண்மனையின் தெற்கு வாயிலுக்குக் குவாங்ஹ்வாமுன் என்று பெயர். அதில் வளைவுகள் மூன்று. நடுவளைவு அரசனுக்கு மட்டும். பட்டத்திளவரசனும் அதிகாரிகளும் பக்க வளைவுகளால்தான் நுழைய வேண்டும் என்பது பண்டைய விதி. நாம் சென்ற நாளிலோ நடுவளைவின்கீழ்ப் பள்ளிச் சிறுமியர் கூட்டமொன்று ஓடிற்று. தலைத்துணிக்குமேல் பூமுடி சூடிய மலாய்ப் பெண்கள் நால்வர் ஒருவரையொருவர் புகைப்படம் பிடித்துக்கொண்டிருந்தனர். வாயிற்காப்போன் நம் உடையை ஒரு கணம் நோக்கினான். கையை அசைத்து உள்ளே செல்லுமாறு காட்டினான். அவ்வளவே. பெயரையோ, ஊரையோ, குலத்தையோ அவன் கேட்கவில்லை.

உள்ளே இன்னும் இரண்டு வாயில்களைக் கடந்தால், அரசன் கொலுவீற்றிருந்த குன்ஜொங்ஜொன் மண்டபமும், அதன் முன்னே கருங்கற் பரவிய பெரிய முற்றமும் உள்ளன. மண்டபத்தின் பெயருக்கு "ஊக்கத்தோடு ஆளுதல்" என்று பொருள். முற்றத்தின் நடுவே செல்லும் பாதை மூன்றாகப் பிரிந்திருக்கிறது. நடுப்பகுதி சற்று உயர்ந்தது, அது அரசனுடைய வழி. இருமருங்கிலும் வரிசை வரிசையாகச் சிறு கற்கள் நாட்டப்பட்டுள்ளன. முதற்படி அதிகாரி, இரண்டாம்படி அதிகாரி என்று ஒவ்வொன்றிலும் எழுத்துப் பொறித்திருக்கிறது. சிவில் அதிகாரிகள் கிழக்கே. சேனை அதிகாரிகள் மேற்கே. அவரவர் கல்லுக்கருகே அவரவர் நிற்க வேண்டும். மேற்படியோன் அரசனுக்கு அருகில். கடைப்படியோன் வாயிலுக்கு அருகில்.

தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் நமக்கு அக்கற்களின் பொருளை எவரும் உரைக்க வேண்டியிருக்கவில்லை. துரையின் வண்டி வரக்கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கிக் குடையை மடக்கி ஓரமாய் நின்ற தலைமுறையின் பேரர்கள் நாம். அவர்கள் நிற்க வேண்டிய இடத்திற்குக் கல் நாட்டியிருக்கவில்லை. அச்சமே கல்லாக நின்றது. கொரியரோ அதனைக் கல்லில் எழுதி வைத்தனர். ஆதலின் இன்று எல்லோரும் வந்து படிக்க முடிகிறது.

நிற்க. கல்லில் எழுதியது போதாதென்று துணியிலும் எழுதினர். அரசவை அதிகாரிகளில் மேல்நிலையோர்க்குச் சிவப்பு அங்கி, இடைநிலையோர்க்கு நீலம், கடைநிலையோர்க்குப் பச்சை என்று சட்டமே வகுத்திருந்தது. சிவில் அதிகாரியின் மார்பில் நாரை. சேனை அதிகாரியின் மார்பில் புலி. நாம் கடையிற் கண்ட நாகப்பறவை அரச குடும்பத்தார்க்கே உரியது. கீழே இலட்சக்கணக்கான உழவர்களும் கூலிகளும் சணலிலும் பருத்தியிலும் நெய்த வெள்ளை உடையே உடுத்தினர். "வெள்ளாடை மக்கள்" என்று கொரியரைப் பிறர் அழைத்ததும், அவர்களே தம்மை அழைத்துக்கொண்டதும் இதனாலேதான்.

அவ்வெள்ளாடை மக்களுக்கும் கீழே ஒரு வகுப்பினரை வைத்திருந்தனர். அவர்களுக்குப் பெக்ஜொங் என்று பெயர். மாடு அறுத்தலும், தோல் பதனிடுதலும், கூடை முடைதலும் அவர்கள் தொழில். அவர்கள் ஊருக்கு வெளியே தனிச் சேரியில் வாழ வேண்டும். பட்டு உடுத்தலாகாது. ஓட்டு வீடு கட்டலாகாது. பிற குலத்துச் சிறுவனிடத்தும் தாழ்ந்து பணிந்தே பேச வேண்டும். மேலே நாம் சொன்ன கத் தொப்பியை அவர்கள் அணியலாகாது. மூங்கிலால் முடைந்த முரட்டுத் தொப்பியே அணிய வேண்டும். ஏனென்றால் தொலைவிலிருந்தே "இவன் இன்னான்" என்று தெரிய வேண்டுமல்லவா? இதைப் படிக்கும் நம்மவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமோ?

இக்கொடுமையை எதிர்த்து எழுந்தவர்களுள் ஒருவர் பாக் சொங்-சுன் என்னும் பெக்ஜொங். ஏறத்தாழ 1893-இல் அவர் கொடிய காய்ச்சலால் வருந்தியபோது, அரசன் கோஜொங்குக்கு வைத்தியம் செய்துவந்த ஏவிசன் என்னும் டாக்டர் அவருடைய குடிசைக்கே வந்து மருந்து கொடுத்தார். அரசன் நாடியைப் பார்த்த கை தம் நாடியையும் பார்த்தது கண்டு பாக் வியந்தார். அரசன் நாடியும் தம் நாடியும் ஒன்றே என்றால், அரசன் குடிகள் அணியும் தொப்பியைத் தாம் மட்டும் ஏன் அணியலாகாது? 1894-இல் அரசாங்கம் குல வேற்றுமைகளையும் அடிமை முறையையும் சட்டத்தால் ஒழித்தது. ஆயினும் ஊர்வழக்கம் ஒழிந்தபாடில்லை. 1895-இல் பாக்கும் அவர் தோழரும் அரசாங்கத்திற்கு விண்ணப்பம் செய்து, கத் அணியும் உரிமையை வெளிப்படையாகப் பெற்றனர். அவ்வுரிமை கிடைத்த மகிழ்ச்சியில், தொப்பியைக் கழற்ற மனமின்றி உறங்கும்போதும் அணிந்துகொண்டே உறங்கினோர் உண்டெனச் சொல்லப்படுகிறது.

இதைப் படித்தபோது நாம் நெடுநேரம் ஏட்டைப் புரட்டாதிருந்தோம். சில மணி நேர வேடிக்கைக்காக வாடகை கொடுத்து நாம் தலையில் வைத்துக் கழற்றிய அதே தொப்பியை, ஒரு மனிதன் இரவிலும் கழற்ற அஞ்சினான். கழற்றினால் விடிவதற்குள் எவரேனும் பறித்துவிடுவரோ என்ற அச்சம் எத்தனை நூற்றாண்டு அனுபவத்தின் பயன்!

பாக்கின் கதை அத்துடன் முடியவில்லை. 1898-இல், கியொங்பொக்குங் அரண்மனைக்கு நடந்து செல்லும் தொலைவிலுள்ள ஜொங்னோ வீதியில் அதிகாரிகளும் பொதுமக்களும் கூடிய மாபெருங் கூட்டத்தில் தொடக்கவுரை ஆற்றியவர் அந்த பெக்ஜொங்தான். நாடென்பது ஒரு பெருங்கூடாரம் போன்றது, அதனை ஒரு கால் தாங்காது, பல கால்கள் கூடியே தாங்கும் என்பது அவர் உரையின் சாரம். அவர் மகன் பாக் ஸொ-யாங், 1908-இல் செவரன்ஸ் வைத்தியக் கல்லூரியில் தேறிய முதல் எழுவருள் ஒருவராய் டாக்டரானார். தொட்டால் தீட்டு என்று ஒதுக்கப்பட்டவன் மகனிடம் ஊரார் நாடியை நீட்டினர். கல்வி செய்யும் வேலை இது.

ஆயினும் ஒருவர் இருவர் உயர்ந்தமையால் ஒரு வகுப்பு உயர்ந்துவிடாது. பெக்ஜொங் பிள்ளைகளைப் பள்ளிகள் சேர்க்க மறுத்தன. ஆகவே 1923-இல் தெற்கேயுள்ள ஜின்ஜு நகரில் அவர்கள் ஹியொங்பியொங்ஸா என்னும் சங்கத்தை நிறுவினர். இறைச்சி நிறுக்கும் தராசினையே சங்கத்தின் பெயரில் வைத்துக்கொண்டனர். தராசு எவர் முகத்தையும் பார்ப்பதில்லை. நிறையை மட்டுமே பார்க்கும். தொழிலை இழிவென்றோரிடம் அத்தொழிலின் கருவியையே நீதியின் சின்னமாக நீட்டிய அவர்களுடைய அறிவை எங்ஙனம் புகழ்வது!

இனி அரண்மனைகளைப் பற்றிய வேறொரு செய்திக்கு வருவோம். அவற்றின் அழகைப் புகழ்வோர் அவற்றின் அடியிலிருந்த கண்ணீரையும் அறிதல் வேண்டும். 1592-இல் ஜப்பானியர் படையெடுத்தபோது அரசன் தலைநகரைக் கைவிட்டு ஓடினான். கியொங்பொக்குங் எரிந்து சாம்பலாயிற்று. எரித்தவர் யார் என்பதில் ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் அடிமைகளின் பெயரேடுகளை வைத்திருந்த அலுவலகத்திற்குப் பொதுமக்களே தீயிட்டனர் என்று அரசவை வரலாற்றேட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அரசன் ஓடியவுடன் ஏழைகள் தேடியது அவன் பொன்னையன்று, தங்கள் பெயர் எழுதிய ஏட்டை என்பது கவனிக்கத்தக்கது.

அதே ஏடுகள் மற்றொரு முறையும் எரிந்தன. 1801-இல் அரசாங்கத்துக்குச் சொந்தமான அடிமைகள் 66,067 பேரை விடுதலை செய்து, அவர்கள் பெயரேடுகளைச் சாங்தொக்குங் அரண்மனையின் தொன்ஹ்வாமுன் வாயிலுக்கு வெளியே குவித்துக் கொளுத்தினர். 1592-இல் மக்கள் இட்ட தீயை 1801-இல் அரசாங்கமே இட்டது. இடையிற் கழிந்தவை இருநூற்றொன்பது ஆண்டுகள்! தனியாரிடமிருந்த அடிமைகளோ 1894 வரையிற் காத்திருக்க வேண்டியிருந்தது. தொன்ஹ்வாமுன் வாயிலில் இன்று பட்டுப் பாவாடைகள் சரசரக்கப் புகுவோர் அந்நெருப்பின்மேல் நடந்துதான் புகுகின்றனர்.

1865-இல், சிறுவனாயிருந்த கோஜொங் அரசனின் தந்தை தெவொன்குன், எரிந்த கியொங்பொக்குங்கை மீண்டும் கட்டத் தொடங்கினார். அதற்காக மக்களிடம் "மனமுவந்து கொடுக்கும் பணம்" என்ற பெயரால் வசூல் செய்தார். கொரிய மொழியில் ஓரெழுத்தும் ஒலி மாறாமலே அச்சொல்லை "மனம் நொந்து கொடுக்கும் பணம்" என்றும் பொருள் கொள்ளலாமாம். மக்கள் அவ்வாறே பொருள் கொண்டனர்! பணம் போதாமையால் 1866-இல் நூறு காசு மதிப்பென முத்திரையிட்டு, அம்மதிப்புக்கேற்ற உலோகமில்லாத நாணயத்தை வெளியிட்டனர். அரிசி விலை ஏறிற்று. ஏழை வயிறு காய்ந்தது. இன்று நாம் நிமிர்ந்து நோக்கி வியக்கும் கூரைகள் அந்தப் பட்டினியின்மேல் எழுந்தவை.

அப்படியாயின் இவ்வரண்மனைகளை இடித்துத் தள்ளுவதன்றோ முறை என்று சீர்திருத்த ஆர்வலர் சிலர் கேட்கக்கூடும். இடிக்கும் வேலையை வேறொருவர் செய்து பார்த்தனர் என்பதே அதற்கு விடை. ஜப்பானியர் 1909-இல் சாங்கியொங்குங் அரண்மனையை மிருகக்காட்சிச் சாலையாக்கினர். 1911-இல் அரண்மனை என்ற பெயரையே நீக்கிப் பூங்கா எனப் பெயரிட்டனர். கியொங்பொக்குங்கின் கட்டடங்களிற் பலவற்றை அகற்றி, கொலுமண்டபத்தை மறைக்குமாறு 1926-இல் தம் தலைமை அலுவலக மாளிகையை அதன்முன் எழுப்பினர். மக்களின் வெள்ளாடையும் அவர்கள் கண்ணை உறுத்திற்று. சாய ஆடை உடுத்துமாறு கட்டாயப்படுத்தி, வெள்ளாடையில் வந்தோர்மீது மைநீர் தெளிக்கவும் செய்தனர். முன்பு உள்நாட்டு மேலோன் ஏழையிடம் "நீ இதை உடுத்தாதே" என்றான்; பிறகு அந்நியன் எல்லோரிடமும் "நீங்கள் இதை உடுத்தாதீர்" என்றான். இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள்.

ஆகவே 1983-இல் மிருகங்களை வேறிடத்திற்கு மாற்றிச் சாங்கியொங்குங்குக்குப் பழைய பெயரை மீட்டதும், 1995-இல் அந்நியர் மாளிகையை இடிக்கத் தொடங்கியதும், 2010-இல் குவாங்ஹ்வாமுன் வாயிலை மரத்தாலேயே மீண்டும் அமைத்ததும் அரசபக்தியினால் அல்ல. அரண்மனை அரசனுடைய சொத்து என்ற எண்ணம் மாறி, மக்களுடைய சொத்து என்ற எண்ணம் வேரூன்றியதன் அடையாளம் அது.

எனினும் பழைய நோயின் வித்து முற்றும் ஒழிந்ததென்று சொல்வதற்கில்லை. 2018-இல் அரண்மனை வட்டாரமாகிய ஜொங்னோவின் நிர்வாகத்தார், வாடகைக் கடைகளின் மினுமினுப்பான புதுமாதிரி உடைகள் உண்மையான ஹன்பொக் அல்ல, அவற்றை அணிந்து வருவோர்க்கு இலவச அனுமதி கூடாது என்று யோசனை கூறினர். 2024-இலும் அரசாங்கத் தரப்பிலிருந்து அத்தகைய குறை எழுந்தது. இக்குறையில் நியாயம் சிறிதும் இல்லையென நாம் கூறோம். வளையம் வைத்துப் புடைத்த பாவாடையும், முதுகில் கட்டிய நாடாவும் பழமையானவை அல்ல. மலிவுப் பொருள் பெருகினால் கைத்தொழில் வல்ல தையற்காரர் பிழைப்புக் கெடும். அவர்களை ஆதரிக்க அரசாங்கத்திற்கு எத்தனையோ வழிகள் உண்டு. ஆனால் வாயிலில் ஒருவனை நிறுத்தி, வருவோர் உடையை அளந்து, நீ சரி, நீ தவறு என்று தீர்ப்புச் சொல்ல வைப்பது அவ்வழிகளுள் ஒன்றன்று. அந்த வேலையைச் செய்த வாயில்களை அந்நாடு முன்பே கண்டிருக்கிறது.

இதற்கு 2019-இல் நடந்ததே நற்சான்று. அதுவரையில், ஆண் ஆணுடையும் பெண் பெண்ணுடையும் அணிந்திருந்தால்தான் இலவச அனுமதி என்று விதி இருந்தது. இது வேற்றுமை பாராட்டுவதாகும் என்று அந்நாட்டின் மனித உரிமைக் கமிஷன் எடுத்துரைத்தது. அவ்வாண்டு ஜூலை முதல் அவ்விதி நீக்கப்பட்டது. இதனால் கூரை இடிந்து விழவில்லை, பண்பாடும் அழிந்துவிடவில்லை. நாம் சென்ற நாளில் காற்சட்டையும் கத்துமாக வந்த ஓர் இளம்பெண், குன்ஜொங்ஜொன் படிகளில் நின்று தன் பாட்டியாரோடு படம் எடுத்துக்கொண்டாள். பாட்டியார் முகத்தில் கோபத்தைக் காணோம், பெருமையையே கண்டோம்.

இறுதியாக, அரண்மனையில் வாழ்ந்த பெண்களைப் பற்றி ஒரு சொல். அரண்மனைப் பணிக்கு வந்த சிறுமியர் பலர் குழந்தைப் பருவத்திலேயே கொண்டுவரப்பட்டனர். அவர்கள் வாழ்நாள் முழுதும் மணம் புரியலாகாது. நோயுற்றோ மூப்படைந்தோ சாகுந்தறுவாயில் இருந்தால் அரண்மனையை விட்டு வெளியேற வேண்டும். ஏனெனில் அரச குடும்பத்தாரல்லாதோர் அங்கே உயிர்விடுதல் ஆகாது. முஸுரி எனப்பட்ட கூலிப் பெண்கள் கிணற்றிலிருந்து நீர் சுமந்தனர். சாங்தொக்குங்கின் பின்புறச் சமையற்கட்டுகளையும் கிணறுகளையும் கண்டபோது, நம் துணைவியார் வாடகைப் பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி, "இந்த உடையில் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியுமா?" என்றார். அவ்வொரு வினாவுக்கு எதிரே நாம் படித்த ஏடுகள் பலவும் சிறுத்துப் போயின.

நம்மவருள் இரு சாரார் உளர். பழையன யாவும் பொன் என்பார் ஒரு சாரார். பழையன யாவும் குப்பை என்பார் மற்றொரு சாரார். துணி குற்றம் செய்யவில்லை. இதை இன்னார் உடுத்தலாகாது என்ற சொல்லே குற்றம் செய்தது. அச்சொல்லை நீக்கிவிட்டுத் துணியை வைத்துக்கொள்ளலாம் என்பதைக் கொரியர் காட்டியிருக்கின்றனர். பெக்ஜொங்கின் கொள்ளுப்பேரனும் அமைச்சனின் கொள்ளுப்பேத்தியும் ஒரே கடையில் உடை வாங்கி ஒரே வாயிலில் நுழையும் நாளில், யார் யாரென்று அறிய எவராலும் முடியாது. அதுவே அவ்வாடைக்குக் கிடைத்த உண்மையான பெருமை.

ஆயினும் ஒரு குறை எஞ்சுகிறது. விடுதலை பெற்ற மக்கள் வேடிக்கைக்காக அரசனாகவும் அரசியாகவுமே உடுத்துகின்றனர். தம் முன்னோராக உடுத்துவார் அரியர். அச்சுவரில் நாகப்பறவை அங்கிகளுக்கு நடுவே, உழவனின் வெள்ளைச் சட்டை ஒன்றும், நீர் சுமந்தவளின் மேற்சட்டை ஒன்றும், பெக்ஜொங்கின் மூங்கில் தொப்பி ஒன்றும் தொங்க வேண்டும். ஏதேனும் ஒரு குழந்தை அவற்றைச் சுட்டி, "இது யாருடையது?" என்று கேட்கும். அப்போது விடை சொல்ல வேண்டிய கடமை பெரியோருக்கு ஏற்படும். அந்த விடையைச் சொல்லக் கூசாத சமூகமே தன் பழமையைப் பற்றிப் பேச உரிமையுடையது.